கணக்குக் காட்டியவர்: திருவிடைமருதூரிலிருந்து ஆட்சிமன்றம் வரை

பாரதியின் தேசியப் பாடல்களை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், கடைசி வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, இந்தப் பாட்டெல்லாம் முதலில் அச்சானபோது அச்சுக்கூலி கொடுத்தது யார்?" என்று வினவினார். பாடத்திட்டத்தில் இல்லாத கேள்விதான். ஆயினும் நல்ல கேள்வி. 1907ஆம் ஆண்டில் பாரதியின் மூன்று பாடல்களைச் சிறு வெளியீடாக அச்சிட்டு, 15,000 படிகளை இலவசமாக வழங்கியவர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் என்று சொன்னோம்.

"அவர் புலவரா, ஐயா?"

"இல்லை. வழக்கறிஞர். இந்தியன் வங்கியைத் தோற்றுவித்தவர்."

வகுப்பில் ஒரு சிரிப்பலை எழுந்தது. அம்மாணவர்களுள் பலருக்கு உதவித்தொகை வந்து சேர்வது அந்த வங்கியின் கணக்கில்தான்! பின்னர் அவர் உயர் நீதிமன்ற நீதிபதியானதையும், சென்னை மாகாண ஆளுநரின் நிர்வாக சபையில் உறுப்பினரானதையும் சொல்லி, "பிறந்தது வேறெங்குமில்லை, கும்பகோணத்துக்குக் கிழக்கே நம் திருவிடைமருதூர்" என்று முடித்தபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. பேருந்தில் நாள்தோறும் கடந்து போகும் ஊரில் இப்படியொருவர் பிறந்தாரா என்ற வியப்பு அவர்கள் முகத்தில் தெரிந்தது.

வங்கித் துறையிலிருந்து ஆட்சிப் பொறுப்புக்கு வருவது இன்று நமக்குப் புதிதன்று. ரிசர்வ் வங்கியின் ஆளுநராயிருந்த சி. டி. தேஷ்முக் 1950இல் நடுவண் நிதியமைச்சரானார். அதே வங்கியின் ஆளுநராயிருந்த மன்மோகன் சிங் 1991இல் நிதியமைச்சராகி, 2004இல் தலைமையமைச்சரும் ஆனார். ஆனால் ரிசர்வ் வங்கியே தோன்றாத காலத்தில், காவிரிக் கரையில் பிறந்த ஒருவர் ஏறத்தாழ இதே வழியில் நடந்திருக்கிறார். அவ்வழியைச் சற்று நிதானமாகப் பின்தொடர்ந்து பார்ப்போமா?

முதலும் பொலிசையும்

வங்கி என்ற சொல் வேண்டுமானால் வெளியிலிருந்து வந்திருக்கலாம். வங்கியின் அடிப்படையான கருத்து தஞ்சைத் தரணிக்கு ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. இராஜராஜீசுவரத்துக் கல்வெட்டுகளைப் படித்தவர்கள் இதை அறிவர். பெரிய கோயிலுக்கு அளிக்கப்பெற்ற காசுகள் பல, பெட்டியில் பூட்டி வைக்கப்படவில்லை. அவை ஊர்ச் சபைகளிடம் முதலாகக் கொடுக்கப்பட்டன. காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு, அதாவது இன்றைய கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம், பொலிசையாகச் சபை செலுத்த வேண்டும். விளக்கெரிப்பதும் அமுது படைப்பதும் பொலிசையிலிருந்து நடக்கும். முதல் மட்டும் சந்திரனும் சூரியனும் உள்ளளவும் குறையாமல் நிற்கவேண்டும்!

பிறர் பொருளை ஏற்று, அதைக் குறையாமல் காப்பது என்னும் இக்கடமையோடு நம் முன்னோர் மற்றொன்றையும் பிணைத்து வைத்தனர். முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் புகழ் பெற்றவை. வாரியப் பொறுப்புக்கு யார் வரலாம் என்று சொல்லும் அவை, யார் வரக்கூடாது என்பதையும் விரித்துரைக்கின்றன. அவ்வாறு விலக்கப்பட்டோருள் முதன்மையானவர், முன்பு வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர். அவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர்.

கணக்குக் காட்டத் தெரிந்தவனே ஆளத் தகுந்தவன். இந்த ஓர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்பது நூற்றாண்டுகளைத் தாண்டி, ஆங்கிலேயர் ஆட்சிக்கு வருவோம்.

கணக்கு அலுவலகத்திலிருந்து திவான் பதவிக்கு

கிருஷ்ணசுவாமி ஐயருக்கு ஒரு தலைமுறை முன்பே கும்பகோணம் இத்தகைய மனிதர்களைத் தந்திருந்தது. 1828இல் அங்கே பிறந்த டி. மாதவராவ், சென்னையில் மாகாணக் கணக்குத் தலைவரின் அலுவலகத்தில் சிறிது காலம் பணியாற்றிவிட்டு, 1849இல் திருவிதாங்கூர் இளவரசர்களுக்கு ஆசிரியராகச் சென்றார். பின்னர் அந்நாட்டு வருவாய்த் துறையில் படிப்படியாக உயர்ந்து, முப்பது வயதுக்குள் திவானானார். அவர் பொறுப்பேற்றபோது கருவூலம் வற்றிக் கிடந்தது. ஆங்கில அரசுக்குச் செலுத்தவேண்டிய கப்பமும் நிலுவையில் இருந்தது. மிளகு, புகையிலை ஆகியவற்றின் மீது அரசு வைத்திருந்த தனியுரிமையை நீக்கி, வாணிகத்தைத் திறந்துவிட்டு, சில ஆண்டுகளில் நாட்டை நிமிர்த்தினார். இந்தூரிலும் பரோடாவிலும் திவான் பதவி அவரைத் தேடி வந்தது. ஆங்கிலப் பாராளுமன்ற உறுப்பினர் ஹென்றி பாசெட், பிரெஞ்சு நாட்டின் புகழ்பெற்ற நிதியமைச்சரோடு ஒப்பிட்டு அவரை 'இந்தியாவின் தூர்கோ' என்றார்.

அதே 1828இல் பிறந்து, அவரோடு ஒரே ஆசிரியரிடம் பயின்ற அமராவதி சேஷையா சாஸ்திரியார், அவருக்குப் பின் திருவிதாங்கூர்த் திவானாகவும், 1878 முதல் புதுக்கோட்டைத் திவானாகவும் விளங்கினார்.

இவர்கள் இருவரும் அரசர்களின் கணக்கைச் சீர்செய்தவர்கள். மக்களின் பணத்துக்கு யார் கணக்குக் காட்டுவது? அக்கேள்வி எழுவதற்கு ஒரு பெருவிபத்து நிகழவேண்டியிருந்தது.

1906 ஐப்பசி

கிருஷ்ணசுவாமி ஐயர் 1863 ஜூன் 15 அன்று பிறந்தார். தந்தையார் வெங்கடராம ஐயர் மாவட்ட முன்சீப். திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயில் வாயிலில் பட்டினத்தார் நிற்பதை நாம் அறிவோம். காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகராயிருந்து செல்வத்தை உதறியவரின் சிலை காக்கும் ஊரில், பிற்காலத்தில் பிறர் செல்வத்துக்குக் காவல் தேடிய ஒருவர் பிறந்தது ஓர் இனிய பொருத்தம். கும்பகோணத்திலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று, சட்டம் படித்து, 1885 முதல் சென்னையில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். மயிலாப்பூரில் ஆயுர்வேத மருந்தகமும் வடமொழிக் கல்லூரியும் தோன்றக் காரணமாயிருந்தார். இவ்வளவோடு நின்றிருந்தால், கொடையுள்ளம் கொண்ட மயிலாப்பூர் வக்கீல்களுள் ஒருவராக மட்டுமே நினைக்கப்பட்டிருப்பார்.

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. ஐப்பசி முதல் வாரம். சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கதவை அடைத்தது.

அதன் பொருளை இன்று உணர்வது சற்றுக் கடினம். பாரி, பின்னி, ஆர்பத்நாட் என்று மூன்று வெள்ளையர் வாணிக நிறுவனங்கள் சென்னையின் தூண்களாகக் கருதப்பட்ட காலம் அது. ஆர்பத்நாட் வாணிகம் செய்ததோடு பொதுமக்களிடம் வைப்புத்தொகையும் வாங்கி வந்தது. ஓய்வூதியம் பெற்றோர், கைம்பெண்கள், வழக்கறிஞர்கள், நிலவுடைமையாளர்கள் எனப் பல திறத்தார் அதில் பணம் போட்டிருந்தனர். தஞ்சை மாவட்ட நிலக்கிழார் ஒருவருக்கு அறுவடை முடிந்து, கிஸ்தி கட்டியது போக, ஆண்டுக்கு ஓரிரு முறை மொத்தமாகப் பணம் கையில் நிற்கும். அதைக் கொண்டு மேலும் நிலம் வாங்கலாம், நகை செய்யலாம், பக்கத்து ஊராருக்குப் புரோநோட்டின் பேரில் கடன் கொடுக்கலாம். இவற்றை விரும்பாதவர்க்குச் சென்னையில் வெள்ளைக்காரன் கம்பெனி இருந்தது. வட்டி வரும், பெயரும் பெரிது, முதல் எங்கே போய்விடும் என்ற நம்பிக்கை!

முதல்தான் போயிற்று. அந்நிறுவனத்தின் இலண்டன் அலுவல்களைப் பார்த்துவந்த பங்காளி மக்பேடியன், சூதாட்டத்துக்கு ஒப்பான முதலீடுகளில் பெரும் பணத்தை இழந்திருந்தார். சென்னைக் கதவு மூடுவதற்கு இரண்டு நாள் முன்பு அவர் இலண்டனில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நிறுவனம் பல ஆண்டுகளாகவே கடனில் மூழ்கியிருந்ததும், அது தெரிந்தே வைப்புத்தொகை வாங்கப்பட்டதும் பின்னர் வெளிப்பட்டன. அன்று வைப்புத்தொகைக்குக் காப்பீடு கிடையாது. அந்த ஏற்பாடு இந்தியாவுக்கு வந்தது 1962இல்தான். அப்போதும் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரைதான் காப்பு. இன்றைய வரம்பு 5 இலட்சம் ரூபாய்.

பணம் இழந்தோர் சார்பில் நீதிமன்றத்தில் கிருஷ்ணசுவாமி ஐயர் வாதாடினார். ஆளுநர் மாளிகை விருந்துகளில் முதல் வரிசையில் அமர்ந்தவரான சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டைக் கணக்குச் சொல்லும்படி கேட்பது அன்றைய சென்னையில் எளிய காரியமாயிருந்திருக்காது. 1907இல் சர் ஜார்ஜுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. ஆள்வோரின் இனத்தவர் என்பதற்காகக் கணக்குக் கேட்காமல் விடமுடியாது என்பதை நகரம் முதன்முறையாகக் கண்ணால் கண்டது.

இடிந்த இடத்தில் எழுந்தது

வழக்கில் வெல்வதோடு வழக்கறிஞரின் வேலை முடிந்துவிடும். இவரோ அங்கிருந்து வேறொரு வேலையைத் தொடங்கினார். நிறுவனம் விழுந்த சில நாள்களுக்குள், அவ்வாண்டு நவம்பரிலேயே, நம்மவர் நடத்தும் வங்கி ஒன்று வேண்டும் என்ற முயற்சியை முன்னெடுத்தார். செட்டிநாட்டு நகரத்தார் துணை நின்றனர். அண்ணாமலைச் செட்டியாரின் தமையனார் இராமசாமிச் செட்டியார் முதல் இயக்குநர்களுள் ஒருவரானார். இந்தியன் வங்கி 1907 மார்ச் 5இல் பதிவு பெற்று, ஆகஸ்ட் 15இல் வேலையைத் தொடங்கியது. நாற்பது ஆண்டு கழித்து அதே நாளில் நாடு விடுதலை பெறும் என்பதை அன்று யார் அறிந்திருப்பார்!

இங்கே காவிரிப் படுகைக்குரிய ஒரு செய்தியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆர்பத்நாட் விழுவதற்கு இரண்டாண்டு முன்பே, 1904 அக்டோபர் 31இல், கும்பகோணம் வங்கி பதிவாகியிருந்தது. இன்று சிட்டி யூனியன் வங்கி என்ற பெயரோடு, தலைமையகத்தைக் கும்பகோணத்திலேயே வைத்துக்கொண்டிருக்கும் வங்கி அதுதான். ஆகவே, நம் பணத்தை நாமே காக்கலாம் என்ற எண்ணம் திருவிடைமருதூர்க்காரருக்கு வானத்திலிருந்து விழுந்ததன்று. சொந்த ஊர்ப்பக்கமே அதற்கொரு முன்மாதிரி இருந்தது.

ஆர்பத்நாட்டுக்கும் புதிய வங்கிக்கும் இருந்த வேறுபாட்டைச் சற்றுக் கவனிக்க வேண்டும். முன்னது சில பங்காளிகளின் சொந்த நிறுவனம். அதன் ஏடுகளை வெளியார் பார்க்க வழியில்லை. பின்னது சட்டப்படி பதிவான கூட்டுப்பங்கு நிறுவனம். பங்குதாரர் கூட்டம் உண்டு, தணிக்கை உண்டு, ஆண்டறிக்கை உண்டு. உத்திரமேரூரார் கேட்ட கணக்கைப் புதிய சட்ட மொழியில் மறுபடி கேட்டார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

1907 அக்டோபர் 22. ஆர்பத்நாட் மூடி சரியாக ஓராண்டு நிறைந்த நாள். அன்று நியூயார்க் நகரில் நிக்கர்பாக்கர் அறக்கட்டளை நிறுவனம் பணம் கொடுப்பதை நிறுத்தியது. அமெரிக்காவே கலங்கிய அந்நெருக்கடியில், ஜே. பி. மார்கன் என்னும் தனியொரு வங்கியர் முன்னின்று நிலைமையைத் தாங்கிப் பிடித்தார். அதன் விளைவாகவே 1913இல் அந்நாட்டு நடுவண் வங்கி அமைப்பு உருவாயிற்று. நம்பிக்கை குலைவதும், குலைந்தபின் அமைப்புகள் பிறப்பதும் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியனவல்ல.

இரண்டு சுதேசிகள்

இதுவரை புகழ்ந்தாயிற்று. இனிச் சற்றுக் கடினமான பகுதி.

ஆர்பத்நாட் விழுவதற்கு ஆறு நாள் முன்பு, 1906 அக்டோபர் 16இல், தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனாரின் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு பெற்றது. பங்கு ஒன்று 25 ரூபாய், மூலதனம் 10 இலட்சம். பொதுமக்களிடம் சிறு தொகைகளாகத் திரட்டி, வெள்ளையர் ஏகபோகத்தை எதிர்த்து எழுந்த முயற்சிதான் அதுவும். 1908 மார்ச்சில் வ. உ. சி. கைதானார். ஜூலையில் நாற்பதாண்டுத் தண்டனை பெற்றார். அச்சங்கம் 1911இல் கலைந்தது.

கிருஷ்ணசுவாமி ஐயரோ 1909இல் உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1911இல் ஆளுநரின் நிர்வாக சபையில் இடம்பெற்றார். மின்டோ-மார்லி சீர்திருத்த காலத்தில் இந்தியர்க்குத் திறந்த அவ்விடத்துக்குப் பொப்பிலி அரசருக்குப் பின் வந்த இரண்டாம் இந்தியர் அவரே. ஒரு சுதேசி முயற்சியாளர் செக்கிழுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இன்னொருவர் ஆட்சிமன்றத்தில் அமர்ந்திருந்தார். அவர் மிதவாதி. 1907 இறுதியில் சூரத்தில் காங்கிரசு பிளந்தபோதும் மிதவாதிகள் பக்கமே நின்றார். தீவிரவாதிகள் அவரைக் கடுமையாகப் பழித்தார்கள். பழித்தோருள் பாரதியும் உண்டு.

அந்தப் பாரதியைத்தான் 1907இல் ஜி. ஏ. நடேசன் அவரிடம் அழைத்துச் சென்றார். பாடச் சொல்லிக் கேட்ட ஐயர், உள்ளம் உருகி, தம் செலவிலேயே அப்பாடல்களை அச்சிட்டு வழங்கினார். அரசியலில் எதிரணியில் இருந்தவரின் குரலைப் பொதுச்சொத்தாகக் கருதி மக்களிடம் கொண்டு சேர்த்த அச்செயல், வங்கியை நிறுவிய செயலுக்குச் சற்றும் குறைந்ததன்று. கவிஞருக்கு வந்து சேரவேண்டியதைத் தம் விருப்பு வெறுப்பைக் கழிக்காமல் கொடுத்தார். அதுவும் ஒரு கணக்கு நேர்மைதான்.

அவர் பதவியை ஏற்றது சரியா? நம் மாணவர்கள் இக்கேள்வியைக் கேட்காமல் விடுவதில்லை. நாம் தரும் விடை இதுதான்: வ. உ. சி.யின் தியாகத்தை ஒரு தட்டிலும் ஐயரின் பதவியை மறு தட்டிலும் வைத்தால் எது தாழும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் 1913, 1914ஆம் ஆண்டுகளில் லாகூரிலும் பம்பாயிலும் சுதேசி வங்கிகள் அடுத்தடுத்துக் கவிழ்ந்தபோது, மயிலாப்பூர் வக்கீல் நட்ட வங்கி கவிழவில்லை. சீற்றம் ஒரு நாட்டுக்கு எவ்வளவு தேவையோ, கவிழாத நிறுவனமும் அவ்வளவு தேவை.

அந்த உறுதியைக் காண அவருக்கு ஆயுள் இல்லை. 1911 டிசம்பர் 28இல், நாற்பத்தெட்டாம் வயதில், நிர்வாக சபையில் அமர்ந்த அதே ஆண்டிலேயே மறைந்தார். அவ்விடத்துக்கு அடுத்து வந்தவர் பி. எஸ். சிவசாமி ஐயர். அவரும் தஞ்சை மாவட்டத்தவரே! திருக்காட்டுப்பள்ளியில் அவர் பெயர் தாங்கிய பள்ளி இன்றும் உண்டு.

எழுதப்படாத பத்தி

பொறுப்புள்ள வரலாறும் ஒரு கணக்கேடு போன்றதே. வரவை மட்டும் எழுதி முடித்துவிட முடியாது.

ஆர்பத்நாட்டில் பணம் இழந்தோரின் துயரம் மெய்யானது. எனினும் இழப்பதற்கு அவர்களிடம் முதல் இருந்தது. அந்த முதல் விளைந்த வயலில் சேற்றில் நின்று நாற்று நட்ட பண்ணையாளுக்கு எந்த வங்கியிலும் கணக்கு இருந்ததில்லை. வங்கிக் கடனுக்கு ஈடு வேண்டும். ஈட்டுக்கு நிலம் வேண்டும். நிலமோ அவருடையதன்று. நம் பணத்தை நாமே காப்போம் என்ற முழக்கத்தின் 'நாம்' என்ற சொல்லுக்குள் அவர் வரவில்லை. குத்தகைதாரர்க்கும் பண்ணையாளுக்கும் தஞ்சை மாவட்டத்தில் சட்டக் காப்பு வந்ததே 1952இல்தான். 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்தன. கூலியாக அரைப்படி நெல் கூடுதலாய்க் கேட்டதில் வளர்ந்த பகை அது. அதற்கு ஏழு மாதம் கழித்து, 1969 ஜூலை 19இல், இந்தியன் வங்கி உள்ளிட்ட 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. வங்கி கிராமத்துக்குள் வருவதற்கு அந்த ஆணை வழி திறந்தது.

இக்குறையை ஐயர் ஒருவர் தலையில் சுமத்துவது நேர்மையன்று. அவர் காலத்து மிதவாதி, தீவிரவாதி என்ற இரு சாராரின் ஏடுகளிலும் அந்தப் பத்தி பெரும்பாலும் வெற்றாகவே கிடந்தது. ஆனால் 'கணக்குக் காட்டியவர்' என்று ஒருவரைப் போற்றும்போது, எவருடைய கணக்கு எழுதப்படவே இல்லை என்பதையும் சொல்லிவிடுவதே அவர் வழியில் நிற்பதாகும்.

சென்னைக்குச் செல்லும் அன்பர்கள் கடற்கரைச் சாலையில், பல்கலைக்கழகச் செனட் மண்டபத்தருகே கிருஷ்ணசுவாமி ஐயரின் சிலையைக் காணலாம். பெரும்பாலோர் யாரென்று அறியாமலே கடந்து போகிறோம். அடுத்த முறை சற்று நின்று பாருங்கள். திருவிடைமருதூர் வழியே செல்வோர் மகாலிங்கசுவாமியைத் தொழுது, பட்டினத்தாரையும் கண்டுவிட்டு, இவ்வூரில் பிறந்த இன்னொருவரையும் ஒருகணம் நினையுங்கள்.

அன்று வகுப்பு முடிந்ததும் கேள்வி கேட்ட மாணவர் நம்மிடம் வந்தார். அவருடைய பாட்டனார் பண்ணையில் வேலை செய்தவர். "ஐயா, எங்கள் வீட்டில் வங்கிக் கணக்கு தொடங்கிய முதல் ஆள் நான்தான்" என்றார். அவர் குரலில் இருந்தது பெருமையா, வருத்தமா என்று நமக்கு விளங்கவில்லை. இரண்டுமே இருந்திருக்கலாம். எழுதப்படாமல் கிடந்த பத்தியின் முதல் வரியை அவர்தாம் எழுதத் தொடங்கியிருக்கிறார்.